மூன்றாவது கிலோமீட்டர்

வாசுதேவநல்லூரின் மேற்கு எல்லையில் நின்று பார்த்தால் மலை கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். அடிவாரம் வரை தென்னை, வாழை, கரும்பு, நெல். அறுப்புக்குச் சில வாரம் இருக்கும்போது வயலைச் சுற்றிக் கம்பு நட்டுப் பழைய சேலைகளைக் கட்டிவிடுவார்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று வீட்டுப் பெண்கள் உடுத்திக் கிழிந்த சேலைகள். காற்றில் சேலை அசைந்தால் ஆள் நிற்பதாகப் பன்றி நினைத்துக்கொள்ளும் என்பது கணக்கு. கொஞ்ச நாளைக்கு அப்படி நினைக்கும். அப்புறம் வெறும் துணிதான் என்று கண்டுகொள்ளும். அதன் பிறகு ஒரே ராத்திரியில் அரை ஏக்கர் உழுததுபோல் ஆகிவிடும்.

அந்தச் சேலை வேலியை நான் ஒரு சாட்சியமாக எடுத்துக்கொள்கிறேன். பன்றியைப் பகையாகப் பார்க்கிற விவசாயியே, அதற்குப் பயம் உண்டு, நினைப்பு உண்டு, பட்டுத் தெரிந்துகொள்ளும் புத்தி உண்டு என்று ஒத்துக்கொண்டுதான் சேலை கட்டுகிறார். கல்லையும் மழையையும் யாரும் சேலை கட்டி ஏமாற்றப் பார்ப்பதில்லை.

2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு காட்டுப்பன்றி குறித்து ஒரு முடிவை அறிவித்தது. காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டரைத் தாண்டி வந்தால் வனத்துறையினர் சுடலாம். முகட்டுக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், உள்ளாட்சித் தலைவர்களே பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடலாம் என்று 2022-இலேயே அதிகாரம் கொடுத்துவிட்டார்கள். அதே பன்றிதான். முகட்டில் எந்தச் சரிவில் இறங்குகிறது, இறங்கி எத்தனை தூரம் நடக்கிறது என்பதைப் பொறுத்து அதன் உயிருக்கு விலை மாறுகிறது.

இந்தக் கோட்டை வரையும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது? விலங்குக்கு ஆன்மா கிடையாது என்பதாலா? ஆன்மா உண்டு என்றால் அந்த உரிமை இல்லாமல் போய்விடுமா? இரண்டையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்க வேண்டும். ஒன்றுக்கு விடை கிடைத்தால் மற்றதற்கும் கிடைத்துவிட்டதாக நினைப்பதில்தான் பல காலமாகக் குழப்பம் வந்திருக்கிறது.

முதலில் ஆன்மா. தமிழில் இந்தக் கேள்வியைக் கேட்பதே சற்று விநோதம். உயிர் என்றுதான் எதையும் சொல்கிறோம். ஆட்டுக்கும் உயிர், ஆளுக்கும் உயிர். தொல்காப்பியத்தின் மரபியல் புல்லை ஓரறிவுயிராக வைத்துத் தொடங்கி, மனம் படைத்த மனிதரை ஆறறிவுயிர் என்று முடிக்கிறது. அறிவு கூடும், குறையும். உயிர் என்ற பெயர் மட்டும் எல்லாப் படிக்கும் பொது. அந்த ஆறாம் படியையும் மனிதருக்கு மட்டும் எழுதிக் கொடுத்துவிடவில்லை. விலங்குகளில் ஒரு சாராரும் அங்கே உண்டு என்று கொண்டு, கிளியையும் குரங்கையும் எடுத்துக்காட்டினார்கள் உரையாசிரியர்கள்.

சைவ சித்தாந்தம் இதற்கும் ஒரு படி மேலே போகிறது. பதி, பசு, பாசம் என்ற முப்பொருளில் உயிருக்கு வைத்த பெயரே பசு. கட்டுண்ட விலங்கு என்பது அதன் மூலப்பொருள். மனிதனின் ஆன்மாவுக்குப் பெயர் தேட வேண்டி வந்தபோது தறியில் கட்டிய மாட்டின் பெயரைத்தான் எடுத்தார்கள். வாசுதேவநல்லூர்ச் சிந்தாமணிநாதர் கோயிலின் அர்த்தநாரீசுவரர் வடிவத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பிருங்கி முனிவர் கதையும் இதே இடத்துக்குத்தான் வருகிறது. சக்தியை விட்டுவிட்டுச் சிவனை மட்டும் வலம் வர முனிவர் வண்டாக மாறுகிறார். உடம்பு வண்டு, உள்ளே இருப்பவர் முனிவர். கேட்கிற யாருக்கும் இதில் முரண்பாடு தோன்றுவதில்லை. எந்த உடம்பிலும் எந்த உயிரும் இருக்கலாம் என்பது நமக்குத் தாய்ப்பாலோடு வந்த எண்ணம்.

ஆனால் கதையும் சொற்பிறப்பும் நிரூபணம் ஆகாது. மரபு தானே வகுத்த அளவுகோலை எடுத்து விலங்கின் மேல் வைத்துப் பார்ப்பதுதான் நேர்மையான சோதனை. அப்படி ஓர் அளவுகோல் இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம், உடம்புக்கு வேறாக ஆன்மா ஒன்று உண்டு என்பதற்குக் காரணங்களை அடுக்குகிறது. ஆன்மா இல்லை என்று மறுக்கவும் ஒருவர் வேண்டும் என்பது முதல் காரணம். என் உடம்பு என்று உடம்பைப் பிரித்துச் சொல்வது இரண்டாவது. ஐந்து புலன்களையும் ஒன்றாகக் கொண்டு அறிவது மூன்றாவது. புலன்கள் ஒடுங்கிய கனவிலும் அறிவு தொடர்வது நான்காவது. ஆழ்ந்த உறக்கத்தில் மூச்சு ஓடினாலும் உண்பதும் செயலும் நின்றுபோவது ஐந்தாவது. அறிவித்தால் அறிந்துகொள்வது ஆறாவது. மாயையாலான இயந்திரமாகிய உடம்புக்குள் ஆன்மா இருக்கிறது என்று சூத்திரம் முடிகிறது.

இந்த ஆறில் முதல் இரண்டுக்கும் பேச்சு வேண்டும். ஆடு "இல்லை" என்று வாதாடாது, "என் உடம்பு" என்று சொல்லாது. அந்த இரண்டையும் தள்ளிவிடுவோம். மீதி நான்கையும் பாருங்கள். புலன்களை ஒன்றுசேர்த்து அறிவதில், சேலையைக் கண்ணால் கண்டு, ஆள் வாடையை மூக்கால் தேடி, இரண்டும் பொருந்தவில்லை என்று தெரிந்துகொள்ளும் பன்றி நம்மைவிடத் தேர்ந்தது. கனவுக்கு மத்தியானம் திண்ணையில் தூங்கும் நாயைப் பார்த்தால் போதும். கண் மூடியிருக்கும், முன்னங்கால் ஓடுவதுபோல் இழுக்கும், தொண்டைக்குள் ஒரு சின்னக் குரைப்பு எழுந்து அடங்கும். எதையோ விரட்டிக்கொண்டிருக்கிறது, அந்த எதுவோ எதிரில் இல்லை. ஆழ்ந்த உறக்கம் விலங்குகளுக்கும் உண்டு. அறிவித்தால் அறிவதற்கு உழவு மாடும் கோயில் யானையும் சாட்சி. ஆறில் நான்கில் விலங்கு தேறுகிறது. தவறுகிற இரண்டும் நாவின் குறை. அந்த இரண்டைக் காரணம் காட்டி விலங்கைத் தள்ளினால் பேசத் தொடங்காத கைக்குழந்தையையும் சேர்த்துத் தள்ள வேண்டியிருக்கும்.

இங்கே ஓர் ஒப்பீடு அவசியம். 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மெய்யியலாளர் தெகார்த்தும் உடம்பை இயந்திரம் என்றார். மனித இயந்திரத்துக்குள் ஆன்மாவை வைத்தார், விலங்கு இயந்திரத்தை வெறுமையாக விட்டார். அவர் சொன்ன முக்கியக் காரணமும் பேச்சுதான். ஐரோப்பாவிலேயே அந்த முடிவு நிலைக்கவில்லை. வலிக்குமா என்பதுதான் கேள்வி, பேசுமா என்பதல்ல என்று 1789-இல் ஆங்கில மெய்யியலாளர் பெந்தம் எழுதினார். 2012-இல் கேம்பிரிட்ஜில் கூடிய நரம்பியல் அறிஞர்கள், உணர்வுநிலைக்கு அடிப்படையான மூளை அமைப்பு மனிதருக்கு மட்டும் உரியதன்று என்று அறிக்கை வெளியிட்டார்கள். 2024-இல் நியூயார்க்கில் வெளியான இன்னோர் அறிக்கை பாலூட்டி, பறவையோடு நிற்காமல் மீன், நண்டு, பூச்சி வரை அதற்கான வாய்ப்பை மறுக்க முடியாது என்றது. அறிவியல் ஆன்மா என்ற சொல்லைத் தொடுவதில்லை. உள்ளே ஒருவர் இருக்கிறாரா என்ற கேள்விக்கு மட்டும் மெய்கண்டாரின் பக்கத்தில் வந்து நிற்கிறது.

எனவே முதல் கேள்வியில் எனக்குத் தயக்கம் இல்லை. மறுபிறவி, முக்தி, சொர்க்கம் ஆகியவற்றை நிறுவ யாராலும் முடியாது. அவற்றை மனிதருக்கும் நிறுவ முடியாது. நிறுவக்கூடிய அளவில் ஆன்மா என்றால் என்னவோ, அது விலங்குக்கு உண்டு.

இங்கேதான் வழக்கின் கடினமான பகுதி தொடங்குகிறது. உயிர் உண்டு என்று இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சொல்லிவந்த ஊரில் விலங்கு எப்படி வாழ்ந்தது?

தென்காசி, திருநெல்வேலிப் பகுதியில் சுடலைமாடன், பேச்சியம்மன் கோயில் கொடைகளில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த நிமிஷம் தெரியும். வில்லுப்பாட்டு ஓய்ந்திருக்கும். மாலை போட்ட கிடாயைக் கொண்டுவந்து நிறுத்தி, தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். பிறகு யாரும் பேச மாட்டார்கள். ஆடு உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் "சாமி உத்தரவு குடுத்துட்டாரு" என்று குலவை எழும். சிலுப்பாவிட்டால் இன்னொரு செம்புத் தண்ணீர், இன்னொரு காத்திருப்பு. பெரியவர் ஒருவர் "எய்யா, உத்தரவு குடு" என்று ஆட்டைப் பார்த்தே கெஞ்சுவதும் உண்டு.

இதைக் காட்டுமிராண்டித்தனம் என்று ஒதுக்குபவர்கள் அந்தக் காத்திருப்பைக் கவனிக்கவில்லை. அந்த ஆட்டிடம் கேட்டாக வேண்டும், கேட்காமல் வெட்டினால் பாவம் என்று ஊர் முழுக்க உணர்கிற நிமிஷம் அது. ஆட்டுக்குள் ஒருவர் இருக்கிறார் என்பதற்கு இதைவிட நேரான ஒப்புதல் வேறில்லை. அதே நேரத்தில் உண்மையையும் சொல்ல வேண்டும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் எந்த ஆடும் சிலுப்பும். அது சம்மதம் ஆகாது. கேள்வி உண்மையானது, விடையை நாமே செய்து வைத்துக்கொள்கிறோம்.

அரசும் இதில் கைவைத்துப் பார்த்தது. கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் சட்டம் 1950-இலிருந்து இருந்தது. 2003 ஆகஸ்டில் அதைக் கடுமையாக அமல்படுத்த உத்தரவு வந்தது. கிராமங்கள் கொதித்தன. 2004 தொடக்கத்தில் சட்டமே நீக்கப்பட்டது. அந்தத் தடை தோற்றதற்கு ஓட்டு அரசியல் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். அது நியாயத்திலும் தோற்றது. கோயில் முன்னால் மாலை போட்டு, கேட்டு, காத்திருந்து வெட்டிய ஆட்டைக் குற்றம் என்றது. அதே தெருவின் கறிக்கடையில் யாரும் கேட்காமல் வெட்டிய ஆட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கோழியினம் 12 கோடிக்கு மேல், நாட்டிலேயே முதலிடம். அவற்றில் பெரும்பகுதி பண்ணைக்குள்ளேயே வளர்ந்து கூண்டோடு லாரி ஏறுகிறது. எந்தக் கோழியிடமும் யாரும் உத்தரவு கேட்பதில்லை. உயிரின் பேரால் வந்த சட்டம், எளிய மக்களின் சாமியை மட்டும் கூண்டில் ஏற்றியது.

மறுபக்கம், கொல்லாமை என்ற பேரறத்துக்கு நாம் என்ன செய்தோம் என்றும் பார்க்க வேண்டும். குறளில் அதற்கென ஓர் அதிகாரம், புலால் மறுத்தலுக்குத் தனியாக இன்னோர் அதிகாரம். 19-ஆம் நூற்றாண்டில் வள்ளலார் ஜீவகாருண்யத்தையே வழிபாடாக்கினார். தாவரத்துக்கும் உயிர் உண்டே என்ற கேள்வியை ஒதுக்காமல் எடுத்துக்கொண்டு பதில் எழுதினார். இன்று அந்த மரபு எங்கே தங்கியிருக்கிறது? ஒரு சமயத்தின் பெயரான சைவம் சாப்பாட்டின் பெயராகச் சுருங்கி, "உயர்தர சைவ உணவகம்" என்று பெயர்ப்பலகையில் ஏறியிருக்கிறது. அந்த "உயர்தர" என்ற சொல் ஆட்டுக்காக எழுதப்பட்டதில்லை. யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், யாருக்கு வீடு வாடகைக்கு விடலாம் என்று மனிதரைத் தரம் பிரிக்க விலங்கின் மேலுள்ள கருணை பயன்பட்டது. விலங்குப் பிறவி முன்வினையின் பயன் என்ற கொள்கையும் அப்படியே. உயிரை ஒப்புக்கொண்டு, படுகிற பாட்டுக்கு அதையே பொறுப்பாக்கிவிட்டது.

ஆக, ஆன்மாவை ஒப்புக்கொள்வது விலங்கைக் காப்பாற்றவில்லை. இதற்கு எதிர்ச்சான்றும் இருக்கிறது. விலங்கின் ஆன்மா அழியாததன்று என்று இறையியலாளர் அக்குவினாஸ் காலத்திலிருந்து கற்பித்துவந்த கிறிஸ்தவ உலகில்தான், 1822-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் ஆடு மாடு குதிரைகளை வதைப்பதைத் தண்டிக்கும் சட்டத்தை இயற்றியது. நம் நாட்டில் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் விடாமல் வாதாடியதன் விளைவாக 1960-இல் விலங்கு வதைத் தடைச் சட்டம் வந்தது. முதல் குற்றத்துக்கு அது வைத்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. உயிரெல்லாம் ஒன்று என்று பாடிய நாடு போட்ட மதிப்பீடு அது.

இப்போது இரண்டாவது கேள்வி, ஆளும் உரிமை. இதற்குப் பெரும்பாலும் விவிலியத்தின் ஆதியாகமத்தைச் சுட்டுவார்கள். மீனையும் பறவையையும் நிலத்து உயிர்களையும் ஆளும்படி மனிதருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது, உண்மை. ஆனால் அதே முதல் அதிகாரத்தில், அடுத்தடுத்த வசனங்களில், மனிதருக்கும் விலங்குக்கும் உணவாகக் கொடுக்கப்பட்டவை விதையும் கனியும் பச்சையும்தான். இறைச்சிக்கு அனுமதி வருவது வெள்ளத்துக்குப் பிறகு, நோவாவின் காலத்தில். அங்கே செய்யப்படும் உடன்படிக்கையில் விலங்குகளும் ஒரு தரப்பு. அதாவது ஆளுகை முதலில் கொடுக்கப்பட்டபோது கொல்லும் அதிகாரம் அதற்குள் இல்லை. அதே விவிலியத்தில் பிரசங்கி நூலின் மூன்றாம் அதிகாரம் மனிதருக்கும் மிருகத்துக்கும் சுவாசம் ஒன்றே என்கிறது, மனிதரின் ஆவி மேலே போகிறது, மிருகத்தின் ஆவி கீழே போகிறது என்று யாருக்குத் தெரியும் என்று கேட்கிறது. திருக்குர்ஆனின் ஆறாம் அத்தியாயமும் விலங்குகளையும் பறவைகளையும் மனிதரைப் போன்ற சமூகங்கள் என்றே குறிப்பிடுகிறது. அடிவார ஊர்களில் கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் அருகருகே நிற்கின்றன. விலங்கை விருப்பம்போல் ஆளலாம் என்று இவற்றில் எந்த வேதத்தையும் காட்டி ஒருவர் பேச முடியாது.

நம் பக்கத்தில் ஆளுகைக்கு இருக்கும் பெரிய கதை மனுநீதிச் சோழன். தேர்க்காலில் கன்றை இழந்த பசு வந்து ஆராய்ச்சி மணியை அடிக்கிறது. மகனைத் தேர்க்காலில் இட்ட தியாகத்தைத்தான் எல்லோரும் புகழ்வார்கள். எனக்கு அதற்கு முந்தைய கணம் முக்கியம். மணி அடித்தது மாடு என்று தெரிந்த பிறகும் அரசன் வழக்கைத் தள்ளவில்லை. பசுவை வாதியாக ஏற்றான். அந்த அரசனின் சிலை சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது. 2014-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தபோது விலங்கின் கண்ணியத்தைப் பற்றிப் பேசியது. 2023 மே 18-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, தமிழ்நாட்டின் 2017 சட்டத்திருத்தத்தை ஏற்று, விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டு என்று சொல்ல முன்னுதாரணம் இல்லை என்றது. சட்டத்தின்படி அது சரியாகவே இருக்கலாம். கதையின்படி பார்த்தால் மணி இன்னும் தொங்குகிறது, கயிறு மாட்டுக்கு எட்டவில்லை.

ஆள்பவன் எதிர்க்கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்பதே அந்தக் கதை தரும் அளவுகோல். மனிதனுக்கு விலங்கின் மேல் வலிமை இருக்கிறது. துப்பாக்கி, மின்கம்பி, மயக்க ஊசி, லாரி எல்லாம் அவன் கையில். வலிமை இருப்பது நிகழ்வு, அதிலிருந்து உரிமை பிறக்காது. வலிமையைப் பயன்படுத்துகிறவன் மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல முடிந்தால் அந்த ஆளுகையை ஏற்கலாம் என்பது என் முடிவு. இதைச் செய்யாமல் இருக்கவே முடியாதா? வலி எவ்வளவு குறைய முடியுமோ அவ்வளவு குறைந்ததா? இதனால் பயன் பெறுகிறவர்கள்தான் இதன் செலவைச் சுமக்கிறார்களா?

இந்த மூன்றையும் வைத்து வழக்குகளை ஒவ்வொன்றாகத் தீர்க்கலாம்.

கொடைக் கிடாய் முதல் கேள்வியிலேயே நிற்கவில்லை. பொங்கலும் படப்பும் போட்டாலும் சாமி சாமிதான். ஆனால் நம் தட்டில் விழும் கோழியும் அதே கேள்வியில், இன்னும் மோசமாக, தோற்கிறது. தட்டைத் தொடாமல் கோயிலை மட்டும் தண்டிக்கும் எந்தச் சட்டமும் நியாயமில்லை. மாற்றம் வர வேண்டுமானால் அந்தந்த ஊரும் வீடும் தானே முடிவெடுத்து வர வேண்டும்.

கோயில் யானை மூன்றிலுமே தோற்கிறது. நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதி 2025 ஜனவரியில் இறந்தபோது ஊரே திரண்டு அழுதது. அந்தக் கண்ணீர் பொய்யில்லை. ஆனால் கூட்டமாக வாழப் பிறந்த உயிரைத் தனியாக, கல் தரையில், பல்லாண்டு நிறுத்திவைத்ததும் அதே அன்புதான். 2024 நவம்பரில் திருச்செந்தூர் யானை தன் பாகனையும் அவர் உறவினரையும் கொன்றதை நினைத்தால், அந்த அன்புக்கு மனிதரும் விலை கொடுக்கிறார்கள் என்பது தெரியும். இருக்கிற யானைகளை நன்றாக வைத்துக்கொள்ள வேண்டும், புதிதாக ஒன்று வரக் கூடாது.

காட்டு யானையின் வழக்கு சிக்கலானது. அரிக்கொம்பன் என்ற யானை 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடிக்கப்பட்டுப் பெரியாறு காட்டில் விடப்பட்டது. கம்பம் நகருக்குள் இறங்கியதால் ஜூனில் மறுபடியும் மயக்க ஊசி போட்டு, லாரியில் ஏற்றி, நம் பக்கத்து மேல் கோதையாறுக் காட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கொல்லாமல் இடம் மாற்றியது ஒரு வகையில் பொறுப்பான செயல். அதே ஆண்டு மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தப்பி, கிடந்த உடல்களைச் சுற்றிவந்தன. அந்த வேலியும் பயிரைக் காக்கத்தான் போடப்பட்டது. தேவை உண்மை, வழி கொடுமை. பழத்துக்குள் வெடிமருந்து வைக்கும் அவுட்டுக்காயும் அப்படித்தான். வாய் கிழிந்து பல நாள் பட்டினி கிடந்து சாகிற மரணத்தை எந்தப் பயிரும் நியாயப்படுத்தாது.

இனி வாசுதேவநல்லூர் வயலுக்குத் திரும்புவோம். கடன் வாங்கி நட்ட வாழையை ஒரே இரவில் இழந்தவரிடம் போய் எல்லா உயிரும் ஒன்று என்று உபதேசம் செய்ய எனக்கு நா எழாது. பத்து வருஷம் தண்ணீர் ஊற்றி வளர்த்த தென்னையை யானை சாய்த்துக் குருத்தை மட்டும் தின்றுவிட்டுப் போன தோப்பில், விடிந்து நிற்கிறவருக்கும் உயிர் இருக்கிறது. வேறு வழி எல்லாம் முயன்ற பிறகு, பயிற்சி பெற்ற ஒருவர் ஒரே குண்டில் பன்றியைச் சாய்ப்பது முதல் இரண்டு கேள்வியிலும் தேறும். அதை நான் ஏற்கிறேன், மனம் கனத்துதான் ஏற்கிறேன். அரசின் பன்றி அறிவிப்பு தடுக்கி விழுவது மூன்றாவது கேள்வியில். அடிவார வயல்களில் பெரும்பாலானவை முதல் மூன்று கிலோமீட்டருக்குள்தான் இருக்கின்றன. காட்டைக் காப்பாற்றும் பயன் நாட்டுக்கெல்லாம் போகிறது. காடு பிடித்து அனுப்பும் மழையில் சமவெளி முழுக்க விளைகிறது. பன்றி தின்ற நெல்லின் நட்டம் மட்டும் மலையடிவாரத்து ஒரு சம்சாரியின் தலையில் விழுகிறது. அழிந்த பயிருக்குரிய பணம், அடுத்த நடவுக்கு முன்னால், அலைய விடாமல் அவர் கைக்கு வராதவரை, அந்தக் கோட்டை வரைந்த நாம் நம் கருணையின் செலவை அவர் கணக்கில் எழுதுகிறோம். அதன் பிறகு அவர் கம்பியில் மின்சாரம் கொடுத்தால் அந்தக் குற்றத்தில் நமக்கும் பங்கு உண்டு.

தீர்ப்பு இதுதான். விலங்குக்கு உயிர் உண்டு, அந்த உயிருக்குள் அனுபவிக்கிற ஒருவர் உண்டு. மனிதனுக்கு விருப்பம்போல் ஆளும் உரிமை என்று எந்த வேதமும் எந்தத் தருக்கமும் கொடுத்ததில்லை. கையில் இருக்கும் வலிமைக்குக் கணக்குச் சொல்லும் கடமை மட்டும் உண்டு.

அந்தக் கடமையின் வடிவம் நம் ஊரிலேயே இருக்கிறது. மஞ்சள் தண்ணீர் ஊற்றிவிட்டு ஊரே பேச்சற்று நிற்கும் அந்த நிமிஷத்தைச் சொல்கிறேன். ஆட்டிடமிருந்து உத்தரவு வராது என்பது தெரிந்தபின் நாம் செய்யக்கூடியது ஒன்றுதான். அதனிடம் கேட்ட கேள்வியை நம்மிடமே திருப்பிக் கேட்டு, கத்தியைக் கீழே வைக்க முடியுமா என்று யோசிக்கலாம். கொடையில் ஒரு நிமிஷம் நிற்கத் தெரிந்த நமக்கு, கறிக்கடை வாசலிலும், யானையின் சங்கிலி முன்னாலும், மூன்றாவது கிலோமீட்டரிலும் நிற்கத் தெரிய வேண்டும்.